உறையில் என்ன எழுதியிருக்கு?

ஆஸ்பத்திரியில் பிழையான மருந்து கொடுபட்டு ஒருவர் செத்துப்போனால் இந்த நாட்டில் இரண்டு வசனங்கள் வெளியே வரும். நிர்வாகத்திடமிருந்து: “விசாரணைக் குழு நியமிக்கப்பட்டுள்ளது.” முகநூலிலிருந்து: “அந்த மிஸ்ஸைப் பிடிச்சு உள்ளுக்கை போடுங்கோ.” முதலாவதின் ஆயுள் ஒரு கிழமை. இரண்டாவதின் ஆயுள் அடுத்த கிரிக்கெட் மட்ச் வரைக்கும். அதுக்குப் பிறகும் அதே வார்ட்டில், அதே தட்டில், ஒரே அளவான, ஒரே நிற மூடி போட்ட இரண்டு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடுத்த இரவு வேலைக்கு வாற பிள்ளை அதில் ஒன்றை எடுக்கும்.

இந்த இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற மாதிரித்தான் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரியேல்ல. இரண்டுமே ஒரு ஆளைத் தேடுது. ஆள் அகப்பட்டால், அல்லது குற்றவாளி என்று ஒருவரும் இல்லை என்று அறிக்கை எழுதினால், விசயம் முடிஞ்சுது. அந்தக் குப்பி ஏன் அந்த இடத்தில் இருந்தது, துண்டில் எழுதினதை இரண்டு விதமாக வாசிக்கக்கூடியதாக ஏன் இருந்தது, தான் விழுங்குறது என்ன என்று நோயாளிக்கே ஏன் தெரியாமல் போனது என்றெல்லாம் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. எங்களுக்கு நேரம் இருக்கு. கேட்கப் போறம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்பம். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியுலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். அது மருந்தின் தரம் பற்றினது, கொள்வனவு பற்றினது. இன்னொன்று, எல்லாம் சரியாகக் கொடுத்தும் உடம்பு ஏற்காமல் போவது. நாங்கள் கதைக்கிறது மூன்றாவதைப் பற்றி. மருந்து நல்ல மருந்துதான்; ஆனால் ஆள் மாறிப்போச்சு, அல்லது அளவு மாறிப்போச்சு, அல்லது நாளத்தில் ஏற்ற வேண்டியது வேறெங்கோ ஏறிவிட்டது, கிழமைக்கு ஒருக்கால் குடிக்க வேண்டியதை நாளாந்தம் குடிச்சாச்சு. எங்கட சனம் இந்த மூன்றையும் சேர்த்து “மருந்து ஒத்துக்கொள்ளேல்ல” என்று ஒரே வசனத்தில் முடிச்சுவிடும். அமைச்சர் கைதானால் கமரா வரும். மூன்றாவது வகைக்குக் கமராவும் வராது, பல நேரம் நடந்ததென்றே வீட்டாருக்குத் தெரியவும் வராது.

சரி, இப்ப உங்கட அம்மம்மாவின்ர கைப்பையைத் திறவுங்கோ. கிளினிக் கொப்பிக்கு நடுவில் செருகின சின்னச் சின்ன உறைகள் இருக்கும். நாங்களும் எங்கட வீடுகளில் கிடந்த உறைகளைக் கொண்டுவந்து ஒரு மேசையில் பரப்பிப் பார்த்தம். ஆய்வு ஒன்றும் இல்லை, சும்மா பார்த்ததுதான். சிலதில் மருந்தின் பேர் ஆங்கிலத்தில் பாதி, மிச்சப் பாதி பேனை ஓடின ஒரு கோடு. சிலதில் “பி.டி.”, “ரி.டி.எஸ்.”, “நொக்டே” என்று வைத்தியர்களும் மருந்தாளர்களும் தங்களுக்குள் பேசுகிற சங்கேதம். ஒரு உறையில் இரண்டு நிமிர்ந்த கோடு மட்டும். இரண்டு குளிசையா, இரண்டு வேளையா? வாங்கினவவும் இப்ப மறந்துபோனா.

தனியார் டிஸ்பென்சரி உறைகள்தான் எங்களுக்கு உண்மையாகவே கோபம் வரப்பண்ணினது. டொக்டரின்ர பேர், அவரின்ர பட்டங்கள், பார்க்கிற நேரம், தொலைபேசி இலக்கம், ஞாயிறு விடுமுறை என்ற தகவல் எல்லாம் வடிவாக அச்சடிச்சிருக்கு. உள்ளுக்கு இருக்கிற குளிசையின்ர பேர் மட்டும் இல்லை. வெள்ளையில் இரண்டு, சிவப்பில் ஒன்று, பாதியாக உடைச்ச மஞ்சள் ஒன்று. காய்ச்சல் கூடி அந்த ஆளை இரவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்க கேட்கிற முதல் கேள்வி: “என்ன மருந்து எடுத்தனீங்கள்?” பதில்: “வெள்ளைக் குளிசை, மிஸ்.”

இது சிரிக்கிற விசயமில்லை. டெங்குக் காய்ச்சலை எடுங்கோ. 2017 இல் மட்டும் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததாகப் பதிவாச்சு. டெங்கு சந்தேகம் என்றால் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாதிரியான நோக்குளிசைகள் கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிட்டமோல் குடுக்கலாம், அதுவும் அளவோட. வளர்ந்த ஆளுக்கு 500 மி.கி. குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. உடல் நிறை குறைந்தவருக்கு அதிலும் குறைவு. இப்ப யோசிச்சுப் பாருங்கோ. டிஸ்பென்சரி உறைக்குள் பேரில்லாத பரசிட்டமோல். வீட்டில் அம்மா காய்ச்சல் விடேல்ல என்று குடுக்கிற பனடோல். ஓபிடியில் தந்த உறையில் “பி.சி.எம்.” என்று மூன்று எழுத்து. மூன்றும் ஒரே சாமான். மூன்று இடத்திலயும் ஒருத்தரும் பிழை விடேல்ல, ஒவ்வொருத்தரும் சரியான அளவுதான் குடுத்தினம். ஏற்கெனவே டெங்கால் அடிபட்டிருக்கிற ஈரலுக்கு மூன்று மடங்கு போய்ச் சேருது. யாரைப் பிடிச்சு உள்ளுக்கை போடுவம்?

பிள்ளையளின்ர பாணி மருந்திலும் இதே கதைதான். பரசிட்டமோல் பாணி ஒரு குப்பியில் 5 மி.லீ.க்கு 120 மி.கி., இன்னொரு குப்பியில் 250 மி.கி. கைக்குழந்தைக்கு வாற துளிமருந்து இன்னும் செறிவு. “ஒரு கரண்டி குடுங்கோ” என்று சொன்னால் எந்தக் கரண்டி, எந்தக் குப்பி? வீட்டுத் தேக்கரண்டிக்கும் கறிக்கரண்டிக்கும் அளவுகோல் செய்தது யார்? மி.லீ. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் குப்பியோட சேர்த்துத் தந்து, எந்தக் கோடு வரைக்கும் என்று பேனையால் ஒரு அடையாளம் போட்டுவிட்டால் முடிஞ்சுபோற விசயம்.

இதுகளுக்கு நடுவில் எங்களை மிகவும் பயமுறுத்துறது மெதொட்ரெக்சேற். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் என்கிற தோல் வருத்தத்துக்கும் கிளினிக்கில் எழுதுற குளிசை. குடிக்க வேண்டியது கிழமைக்கு ஒருக்கால். நாளாந்தம் குடிச்சால் எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குறதை நிறுத்தும், வாயெல்லாம் புண் வரும், சாதாரண கிருமித்தொற்றுக்கே ஆள் தாங்காது. உலகம் முழுக்க ஆட்கள் இப்படிச் செத்திருக்கினம். இதோட சேர்த்து ஃபோலிக் அசிட் என்று இன்னொரு குளிசையும் எழுதுவினம். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் வட்டம். எழுபது வயதுக் கண்ணுக்கு, மூட்டுவாதம் வந்த விரலுக்கு, குசினி விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மஞ்சள் வட்டம். “கவனமாக் குடிக்கச் சொன்னனாங்கள்தானே” என்று கிளினிக்கில் சொல்லுவினம். சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவ, விடிய நாலரை பஸ்ஸில் வந்து, இலக்கம் எடுத்து, ஒன்றும் சாப்பிடாமல் ரத்தம் குடுத்து, பதினொரு மணிக்கு ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவ. பின்னால் ஐம்பது பேர் வரிசை. அந்த நேரத்தில் காதில் விழுந்த ஒரு வசனத்தை நம்பி எலும்பு மச்சையை ஒப்படைக்கேலாது. உறையில் “புதன்கிழமை மட்டும்” என்று எழுதினால் முடிஞ்சுது. எந்த மொழியில் எழுதுறது என்றும் கேட்பியள்தானே.

அங்கதான் வாறம்.

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிச்சு. அடுத்த வருடம் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றின ஏற்பாடுகளைச் சேர்த்தது. அன்றிலிருந்து நாங்கள் பெயர்ப்பலகைகளுக்காகச் சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறம். எந்த மொழி மேல, எந்த மொழி கீழ, பஸ்ஸில் எழுத்துப்பிழை, கல்வெட்டில் எழுத்துப்பிழை. அந்தச் சண்டைகள் தேவைதான், அதில் எங்களுக்கும் பங்கிருக்கு. ஆனால் தலவாக்கலையில் ஒரு தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கிளினிக் போய்வாற ஒரு அம்மாவின்ர உறையில் ‘உதே’, ‘சவச’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தால் அதைப் படம் பிடிச்சு ஒருத்தரும் போடுறதில்லை. பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழைச்சால் மானம் போகும். உறையில் பிழைச்சால் ஆள் போகும். எந்தத் தமிழ்க் கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனத்திலாவது மருந்துறை என்ற சொல்லை நாங்கள் இதுவரை காணேல்ல.

இதைக் கொழும்பின் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தப்பவும் ஏலாது. எழுதுற வைத்தியரும் தமிழ், எடுத்துத் தாற மருந்தாளரும் தமிழ், வாங்குற அப்பப்பாவும் தமிழ் என்று இருக்கிற ஊர்களிலிருந்து வந்த உறைகள்தான் எங்கட மேசையில் கூடக் கிடந்தது. அதில் தமிழ் இல்லை. “ஒன்று, இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு” என்று எழுதுறதை எந்தச் சிங்கள அதிகாரி தடுத்தவர்? இது பேரினவாதம் இல்லை. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால்தான் டொக்டர் என்ற எங்கட சொந்தத் தடிப்பு. நோயாளிக்கு விளங்கத் தேவையில்லை, சொன்னதைக் குடிச்சால் காணும் என்ற நினைப்பு. கேள்வி கேட்டால் “நீங்கள் டொக்டரோ?” என்று திருப்பிக் கேட்கிற அந்தக் குரலை உங்களில் கேட்காத ஆள் இருக்கிறீங்களோ?

பேரைப் பற்றிக் கதைக்கிறபோது சேனக பிபிலேயைச் சொல்லாமல் போகேலாது. மருந்தியல் பேராசிரியர். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகினதுக்குப் பின்னால் நின்ற மனிசன். மருந்துகளை வியாபாரப் பேரில் இல்லாமல் மூலப்பேரில் எழுத வேணும், தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்க வேணும், அரசே மொத்தமாக வாங்க வேணும் என்றது அவரின்ர கொள்கை. 1977 இல் கயானாவில் இறந்துபோனார். அவரை நாங்கள் எப்பவும் “மலிவு மருந்து” என்ற தலைப்பில்தான் நினைவுகூருறம். மூலப்பேர் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்தான் என்றதை ஒருத்தரும் சொல்லுறதில்லை.

எப்படி என்றால், 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் மருந்து முடிஞ்சு வெளியில் வாங்கச் சொன்னார்கள். பாமசியில் இருந்த கொம்பனியைத் தந்தார்கள். அடுத்த மாதம் வேற கொம்பனி. பிரஷர் குளிசை வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறும், வட்டத்திலிருந்து நீளத்துக்கு மாறும். நிறத்தைப் பார்த்துக் குடிக்கிறவர், பழைய வெள்ளையும் புதுப் பச்சையும் வேற வேற மருந்து என்று நினைச்சு இரண்டையும் குடிப்பார். பின்னேரம் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் வியாபாரப் பேரில் எழுதினதும் அதே லொசாட்டன்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விடிய எழும்பி நடக்கைக்குள்ள தலைசுத்தி விழுந்து இடுப்பு உடையும். அதைக் “குளியலறையில் வழுக்கி விழுந்தவர்” என்றுதான் எழுதுவினம். பெனிசிலின் ஒத்துவராது என்று தெரிஞ்ச ஆளுக்கு “ஓக்மென்டின்” என்ற பேருக்குள் பெனிசிலின் குடும்பத்து மருந்து இருக்கு என்றதும் இந்த வகைதான்.

மூலப்பேரிலும் பொறிகள் இருக்கு. காபமசெபின் வலிப்புக்கு, காபிமசோல் தைரொயிட்டுக்கு. மெற்போமின் சலரோகத்துக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு. அவசரத்தில் கிறுக்கின எழுத்தில் முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே அலைதான். அமெரிக்காவில் 2000களின் ஆரம்பத்திலிருந்தே இப்படியான சோடிகளில் வேறுபடுகிற பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். எண்களிலும் அப்படித்தான். 5.0 என்று எழுதினால் புள்ளி அழிஞ்சு 50 ஆகும். பூச்சியம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 ஆகும். இன்சுலின் அலகுக்கு ஆங்கில ‘யு’ எழுத்தைப் போட்டால் அது பூச்சியமாகத் தெரிஞ்சு அளவு பத்து மடங்காகும். ஆகவே 5 என்று மட்டும் எழுது, 0.5 என்று எழுது, ‘அலகு’ என்று முழுச்சொல்லை எழுது. இதுக்கு டொலர் தேவையில்லை. உலக வங்கியும் தேவையில்லை.

இனி வார்ட்டுக்குள் போவம். தாதியர் பயிற்சியில் ஐந்து ‘சரி’ சொல்லித் தருவினம்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அழகாகத்தான் இருக்கு. ஆனால் அது அடைய வேண்டிய இடத்தைத்தான் சொல்லுது, போற வழியைச் சொல்லேல்ல. நிலத்திலயும் பாய் போட்டு ஆட்கள் படுத்திருக்கிற வார்ட்டில், ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கிற வார்ட்டில், கையில் பேர் எழுதின பட்டி கட்டாத வார்ட்டில், மருந்து கலக்கிக்கொண்டிருக்கைக்குள்ள நாலு பேர் வந்து “மிஸ், சேலைன் முடிஞ்சுது” என்று கூப்பிடுற வார்ட்டில், “சரியான ஆளுக்குக் குடு” என்றால் என்ன அர்த்தம்? பிழை நடந்தால் ஐந்தில் ஒன்றை நீ மீறினாய் என்று எழுதுறதுக்குத்தான் அது உதவும்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கோ. றடோண்டா வோட் என்ற தாதி, ஸ்கான் எடுக்கப் பயந்த ஒரு வயோதிபப் பெண்ணுக்குப் பயத்தைத் தணிக்கிற மருந்தை எடுக்கப் போனார். கணினி அலுமாரியில் வியாபாரப் பேரின் முதல் இரண்டு எழுத்தை அடிச்சார். அலுமாரி மூலப்பேரில் தேடிச்சு. அதே இரண்டு எழுத்தில் தொடங்குற வெக்குரோனியம் வந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்துற மருந்து. எச்சரிக்கைகளைத் தாண்டி எடுத்தார், ஏற்றினார், அந்தப் பெண் இறந்துபோனார். பிழையைத் தெரிஞ்ச உடனே அவரே ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரி குடும்பத்தோட நீதிமன்றத்துக்கு வெளியில் இணக்கம் பேசிச்சு, மேற்பார்வை அதிகாரிகளுக்குச் சொல்லேல்ல. அநாமதேயமாக ஒருவர் தகவல் குடுத்து 2018 இல்தான் வெளியே வந்தது. 2022 இல் தாதி குற்றவாளி என்று தீர்ப்பு, மூன்று வருட நன்னடத்தைக் காலம். ஆஸ்பத்திரியிலிருந்து வேற ஒருத்தரும் கூண்டில் ஏறேல்ல. ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை, மறைச்சவைக்கு ஒன்றுமில்லை. இதைப் பார்த்த ஒரு தாதி அடுத்தமுறை பிழை விட்டால் சொல்லுவாவா?

வோட்டின் பக்கம் பிழையே இல்லை என்று நாங்கள் சொல்லேல்ல. குப்பியின் மூடியிலயே எச்சரிக்கை எழுதியிருந்தது. ஆனால் இரண்டு எழுத்து அடிச்சவுடன் ஆளைக் கொல்லுற மருந்தைக் காட்டுற அலுமாரியைச் செய்தவரும், மருந்தெடுக்க எச்சரிக்கையைத் தாண்டுறது நாளாந்த வழக்கமாகிப்போன வார்ட்டை நடத்தினவரும் எங்க?

இதுக்கு எதிரான கதை இங்கிலாந்தில் இருக்கு. வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை நாளத்தில் மட்டும்தான் ஏற்றலாம். முள்ளந்தண்டுக்குள் ஏற்றினால் அநேகமாக மரணம்தான். 2001 இல் நொட்டிங்ஹாமில் ஒரு 18 வயது இளைஞனுக்கு அதுதான் நடந்தது. முள்ளந்தண்டில் ஏற்ற வேண்டிய வேறொரு மருந்தின் சிரிஞ்சும் இந்தச் சிரிஞ்சும் ஒரே நேரத்தில் கட்டிலடிக்கு வந்தது. அதுக்கு முன்பும் பிரித்தானியாவில் இதே பிழை பலமுறை நடந்திருக்கு. ஒவ்வொரு முறையும் “கவனம்” என்று சுற்றறிக்கை. கடைசியில் எதால் தீர்வு வந்தது தெரியுமோ? சிரிஞ்சில் நிரப்பாமல் சின்ன சேலைன் பையில் கலந்து அனுப்பத் தொடங்கினதால். ஐம்பது மி.லீ. பையைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளந்தண்டில் ஊசி போட ஒருத்தருக்கும் தோன்றாது. வைத்தியரின் கவனம் கூடேல்ல, களைப்புக் குறையேல்ல, சம்பளம் கூடேல்ல. பாத்திரம் மாறிச்சு.

செறிவான பொட்டாசியம் குளோரைட்டும் அப்படித்தான். சின்னக் குப்பி, நிறமில்லாத திரவம், ஊசிமருந்து கரைக்கிற தண்ணி மாதிரியே இருக்கும். நேராக நாளத்தில் அடிச்சால் இதயம் நிற்கும். 2002 இல் பிரித்தானியாவின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட முதலாவது எச்சரிக்கையே இதைச் சாதாரண வார்ட் தட்டுகளிலிருந்து எடுத்துப் பூட்டி வையுங்கோ என்றதுதான். உங்கட ஊர் ஆஸ்பத்திரி வார்ட்டில் அந்தக் குப்பி எந்தத் தட்டில் இருக்கு? அங்க வேலை செய்யுற மச்சாள் ஒருத்தியாவது உங்களுக்கு இருப்பா. கேட்டுப் பாருங்கோ.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து, பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனை வான், எத்தனை ஓட்டோ அடிபட்டது என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் “சாரதிகள் அவதானமாக இருக்க வேண்டும்” என்று அறிவிப்பு வரும். ஒவ்வொரு முறையும் சனம் தண்டவாளத்தில் இருந்து, கேற் போடு, ஆளை நியமி என்று போராடும். அந்த இடத்தில் எங்கட சனத்துக்கு விசயம் வடிவாக விளங்குது. இருட்டில், மழையில், மனிசன் பிழை விடுவான், அதால் கேற் வேணும். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவுடன் மட்டும் அதே சனம் கேற்றை மறந்து சாரதியைத் தூக்கில் போடச் சொல்லுது.

“அப்ப பிழை விட்டவருக்குத் தண்டனையே இல்லையோ?” என்று கேட்பியள். நியாயமான கேள்வி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டால் இன்னும் நியாயம். குடிச்சிட்டு வேலைக்கு வந்தவர், தெரிஞ்சுகொண்டே எச்சரிக்கையைத் தூக்கி எறிஞ்சவர், பிழையை மறைக்கக் கட்டில் பதிவேட்டைத் திருத்தினவர், பணம் வாங்கினவர், இவையளைச் சட்டம் பார்க்கட்டும். நாங்கள் காப்பாற்ற வரேல்ல. ஆனால் இரவு மூன்று மணிக்கு ஒரே மாதிரி இரண்டு குப்பியில் ஒன்றை மாறி எடுத்த 24 வயதுப் பிள்ளையை இந்த வரிசையில் நிறுத்தக்கூடாது. அவவை வேலையால் நிற்பாட்டினால் அந்தத் தாய்க்கு ஒரு பேர் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தத் தாய்க்கு உரித்தானது அதைவிடக் கூட: என்ன நடந்தது என்று அவவுக்கு விளங்குற மொழியில் எழுத்தில் சொல்லுறது, நட்டஈடு, மன்னிப்பு, இனி அந்தத் தட்டில் அந்தக் குப்பி இருக்காது என்ற ஆதாரம். இன்றைக்கு இதில் எது கிடைக்குது? விசாரணை அறிக்கையைக் குடும்பம் கண்ணால் காண்கிறதே பெரிய பாடு.

மற்றப் பக்கம், மருத்துவத் துறையில் இருக்கிற எங்கட நண்பர்கள் சிலர் இதை வாசிச்சுத் தலையாட்டிக்கொண்டிருப்பினம் என்றும் தெரியும். “பார்த்தீங்களோ, எங்கட பிழை இல்லை, சிஸ்டம் பிழை.” கொஞ்சம் பொறுங்கோ. சிஸ்டம் என்றது வானத்திலிருந்து விழுந்த ஒன்றில்லை. “பி.டி.” என்று எழுதுற கை உங்கட கை. பயிற்சி வைத்தியர் அளவு பற்றிச் சந்தேகம் கேட்டால் எல்லாருக்கும் முன்னால் பேசுற பெரிய டொக்டரும் சிஸ்டம்தான். டிஸ்பென்சரி உறையில் மருந்தின் பேரை எழுதினால் நோயாளி அடுத்தமுறை பாமசியில் தானே வாங்கிவிடுவார் என்று கணக்குப் பார்க்கிறதும் சிஸ்டம்தான். நோயாளர் பாதுகாப்புப் பற்றிக் கொழும்பில் கருத்தரங்கு நடந்தால் தொழிற்சங்கங்கள் போகும். பிழைகளைப் பேரில்லாமல் தொகுத்து வெளியிடுங்கோ என்று கேட்டு ஒரு வேலைநிறுத்தம் செய்ததாக எங்களுக்கு நினைவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச்சில், தீங்கில்லாத மருந்துப் பயன்பாடு என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, தவிர்க்கக்கூடிய பாரதூரமான மருந்துத் தீங்கை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைப்பம் என்றது. ஐந்து வருடமும் போச்சு. எங்கட சுகாதார அமைச்சிலும் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று ஒரு பணியகமே இருக்கு. செப்ரெம்பர் 17 நோயாளர் பாதுகாப்பு தினத்துக்குப் பதாகை கட்டுவினம். மயிரிழையில் தப்பின பிழைகளை, அதாவது குப்பியை மாறி எடுத்துக் கடைசி நிமிடத்தில் கண்டதுகளை, பயமில்லாமல் எழுதிப்போட ஒரு வழி இருந்தால் செத்தபிறகு விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு மரணத்துக்கு முன்னால் அப்படிப் பல தப்பல்கள் நடந்திருக்கும். அதைச் சொல்லுறவர் தண்டிக்கப்படமாட்டார் என்று எழுத்தில் உறுதி குடுக்காத வரைக்கும் பெட்டி வெறும் பெட்டிதான்.

“நோயாளிகள் கேள்வி கேட்க வேண்டும்” என்ற அறிவுரையையும் நாங்கள் சும்மா திருப்பிச் சொல்ல விரும்பேல்ல. அம்மம்மா கேட்கமாட்டா. அவ பேச்சு வாங்கிப் பழகினவ. ஆனால் கிளினிக்குக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள்தானே. ஓட்டோவில் விட்டிட்டு வாசலில் ஃபோன் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஜன்னல் வரைக்கும் போங்கோ. இது என்ன மருந்து, மூலப்பேர் என்ன, எதுக்கு, எத்தனை, எப்ப, போன மாதம் தந்த வெள்ளைக்குப் பதிலா இல்லாட்டி அதோட சேர்த்தா என்று கேளுங்கோ. சொல்லுறதை அங்கயே உறையில் தமிழில் எழுதுங்கோ. பின்னால் நிற்கிறவை முணுமுணுப்பினம், முணுமுணுக்கட்டும். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், சனல் டொக்டர் தந்தது, ஆயுர்வேதம், கடையில் வாங்கின வாய்வுக் குளிசை எல்லாத்தையும் ஒரே தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கோ. ஒத்துவராத மருந்து இருந்தால் அதைச் சிவப்பில், எல்லாத்துக்கும் மேல. புதுசாக ஒன்றைச் சந்தேகப்பட்டால் நீங்களாக நிற்பாட்டாமல் திரும்பப் போய்க் கேளுங்கோ. வலிப்பு மருந்து, பிரஷர் மருந்து எல்லாம் திடீரென்று நிற்பாட்டக்கூடாத சாமான்.

நாங்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறம். போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறதால் ஒரு பிரதி கொழும்புக்கு. மாவட்ட, பிரதேச ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் இருக்கிறதால் ஒரு பிரதி மாகாண சுகாதார அமைச்சுக்கு. அதில் கேட்கிறது மூன்றே மூன்று. ஒவ்வொரு உறையிலும் மூலப்பேரும் அளவும் முழுச்சொல்லில். எப்படிக் குடிக்கிறது என்றது நோயாளியின் மொழியில். ஆள் பற்றாக்குறை என்றால் காலை, மதியம், இரவு, கிழமைக்கு ஒருக்கால் என்று மூன்று மொழியில் நாலு ரப்பர் முத்திரை செய்து குடுத்தாலே காணும். மூன்றாவது, பேர் எழுதாத உறையில் மருந்து கொடுக்கிற தனியார் டிஸ்பென்சரிகளுக்கும் இதே விதி. தமிழ் மருந்தாளர் சங்கத்தவரோ மருத்துவபீட மாணவரோ இதில் கையெழுத்து வைக்க விரும்பினால், அல்லது நாங்கள் கேட்கிறதில் நடைமுறைக்கு ஒத்துவராதது ஏதும் இருந்தால், திருத்திச் சொல்லுங்கோ.

உங்கட வீட்டு உறைகளின் படங்களும் வேணும். நோயாளியின் பேரையும், ஆஸ்பத்திரியின் பேரையும், டொக்டரின்ர பேரையும் விரலால் மறைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ. உள்ளுக்கு என்ன இருக்கு என்று எழுதியிருந்தால் அதை மட்டும் மறைக்க வேண்டாம்.